ட்ரெல்லோ, ஆசானா, ஜிரா, ஜோஹோ... உங்கள் டீமுக்கு எந்த புராஜெக்ட் மேனேஜ்மென்ட் டூல் செட் ஆகும்?

"அந்த ஃபைனல் டிசைன் யாருகிட்ட இருக்கு?"
"நேத்தே குரூப்ல போட்டேனே!"
"எந்த குரூப்ல?"

ஐந்தாறு பேர் சேர்ந்து வேலை பார்க்கும் இடங்களில் இந்த உரையாடல் அடிக்கடி கேட்கும். வேலை நடந்திருக்கும். ஆனால் யார் செய்தார்கள், எங்கே இருக்கிறது, அடுத்து யார் செய்ய வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் டூல்கள் வந்தன.

ஆனால் இப்போது டூல்களே பெரிய குழப்பமாகிவிட்டன. எல்லா நிறுவனங்களும் "நாங்கதான் பெஸ்ட்" என்கின்றன. காசு கட்டி வாங்கி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் வாட்ஸ்அப் குரூப்புக்கே திரும்பிய டீம்களும் உண்டு. எந்த டூல் யாருக்குப் பொருந்தும், காசு கட்டும் முன் எதைப் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

வாட்ஸ்அப் குரூப் போதாதா?

மூன்று பேர், ஒரே வேலை, ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்றால் போதும். புதிதாக எதுவும் தேவையில்லை.

சிக்கல் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. வாட்ஸ்அப் என்பது பேச்சு. பேச்சு மேலே நகர்ந்துகொண்டே போகும். காலை 10 மணிக்கு கிளையன்ட் சொன்ன திருத்தம், மாலைக்குள் நூறு மெசேஜுக்கு மேலே போய்விடும். "ஓகே சார்" என்று மூன்று பேர் பதில் போட்டிருப்பார்கள். அந்த மூன்று பேரில் வேலையைச் செய்யப்போவது யார்? அங்கேதான் வேலை கைநழுவுகிறது.

எக்செல் ஷீட் இதைவிடக் கொஞ்சம் மேல். வேலை, பெயர், தேதி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும. ஆனால் தேதி தாண்டினால் ஷீட் தானாக யாரையும் தட்டி எழுப்பாது. அந்த வேலை தொடர்பான ஃபைலும் பேச்சும் வேறு எங்கோ கிடக்கும்.

ஒரு நல்ல டூல் செய்யும் வேலை எளிமையானது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர், ஒரு பொறுப்பாளர், ஒரு கடைசித் தேதி, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற அடையாளம், அது தொடர்பான பேச்சு, ஃபைல். இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது. மற்ற வசதிகள் எல்லாம் இதற்கு மேல் வருபவைதான்.

போர்டா, கான்ட் சார்ட்டா? முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள்

டூல்களின் பெயர்கள் பல. ஆனால் வேலையைக் காட்டும் முறைகள் மூன்றுதான்.

முதலாவது, லிஸ்ட். மளிகைச் சீட்டு போல வரிசையாக எழுதி, முடிந்ததை டிக் அடிப்பது.

இரண்டாவது, கான்பன் போர்டு. 'செய்ய வேண்டியது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்று பத்திகள் இருக்கும். ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. வேலை நகர நகர கார்டும் நகரும். ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் உருவான முறை இது. எந்த உதிரிபாகம் எப்போது தேவை என்பதை அங்கே அட்டைகள் மூலம் தெரிவித்தார்கள். கான்பன் என்ற சொல்லுக்கு ஜப்பானிய மொழியில் 'அறிவிப்புப் பலகை' என்பது போன்ற பொருள்.

மூன்றாவது, கான்ட் சார்ட். அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட் 1910-களில் பிரபலமாக்கிய முறை. இடமிருந்து வலமாகத் தேதிகள். ஒவ்வொரு வேலையும் ஒரு நீளக் கோடு. எந்த வேலை முடிந்தால் எது தொடங்கும் என்பது ஒரே பார்வையில் தெரியும்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். 8 பேர் கொண்ட ஒரு சிறிய டீம், ஒரு ஜவுளிக்கடைக்கு ஆன்லைன் ஷாப்பிங் தளம் செய்துகொடுக்க வேண்டும். தீபாவளிக்கு 3 வாரம் முன்னால் தளம் லைவ் ஆக வேண்டும். புடவைகளைப் போட்டோ எடுக்காமல் பக்கங்களை நிரப்ப முடியாது. பேமென்ட் வசதி சேராமல் டெஸ்டிங் செய்ய முடியாது. போட்டோ ஷூட் 4 நாள் தள்ளிப்போனால், தீபாவளி காத்திருக்குமா? காத்திருக்காது.

இப்படி ஒன்றை ஒன்று பிடித்துத் தொங்கும் வேலைகளுக்குத்தான் கான்ட் சார்ட் தேவை. அதே தளம் லைவ் ஆன பிறகு தினமும் வரும் சின்னச் சின்னத் திருத்தங்களுக்கு கான்பன் போர்டு போதும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் டூல் தேர்வில் பாதி முடிந்த மாதிரிதான்.

ட்ரெல்லோ: அரை மணி நேரத்தில் பழகிவிடலாம்

2011-ல் வெளிவந்த ட்ரெல்லோ, கான்பன் போர்டை எல்லோர் கைக்கும் கொண்டுவந்தது. 2017-ல் அட்லாசியன் நிறுவனம் இதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இதன் பலம் எளிமை. புதிதாகச் சேர்ந்தவருக்கும் பயிற்சி தேவையில்லை. கார்டைப் பிடித்து இழுத்தால் போதும். மொபைலிலும் வசதியாக இருக்கும். கன்டென்ட் டீம், சின்ன டிசைன் டீம், கல்லூரி விழாக் குழு போன்றவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

பலவீனம்? 'இது முடிந்தால்தான் அது' என்ற சார்பை ட்ரெல்லோ இயல்பாகக் காட்டாது. அதற்குத் தனி இணைப்புகளைச் சேர்க்க வேண்டும். நம் ஜவுளிக்கடை உதாரணத்தில், போட்டோ ஷூட் தள்ளிப்போனதால் லைவ் தேதி ஆபத்தில் இருக்கிறது என்பதை ட்ரெல்லோ தானாகச் சொல்லாது. ஒரு கார்டில் பலரைச் சேர்க்கலாம் என்பதும் இரு பக்கமும் கூரான கத்தி. நான்கு பேர் முகம் இருக்கும் கார்டை, நான்கு பேருமே 'அடுத்தவர் பார்த்துப்பார்' என்று விட்டுவிடும் வாய்ப்பு உண்டு.

ஆசானா: ஒரு வேலைக்கு ஒரே ஆள்

ஃபேஸ்புக்கின் இணை நிறுவனர்களில் ஒருவரான டஸ்டின் மாஸ்கோவிட்ஸும், அங்கே பணியாற்றிய ஜஸ்டின் ரோசன்ஸ்டைனும் 2008-ல் தொடங்கிய நிறுவனம் ஆசானா. யோகாசனத்தில் வரும் அதே 'ஆசன'ம்தான் பெயருக்குக் காரணம்.

இதில் கவனிக்க வேண்டிய விதி, ஒரு டாஸ்க்குக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பாளர். மற்றவர்கள் பின்தொடரலாம், கருத்து சொல்லலாம். ஆனால் பெயர் ஒன்றுதான். "நீ செய்வேன்னு நினைச்சேன்" என்ற பேச்சுக்கு இங்கே இடம் குறைவு. ஒரே டாஸ்க்கை இரண்டு புராஜெக்ட்டுகளில் வைக்கும் வசதியும் உண்டு. டிசைனர் தன் லிஸ்ட்டிலும், மார்க்கெட்டிங் டீம் தங்கள் லிஸ்ட்டிலும் அதே வேலையைப் பார்க்கலாம். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் மாறும்.

மார்க்கெட்டிங், ஈவென்ட், ஹெச்ஆர் போல பல துறைகள் சேர்ந்து செய்யும் வேலைக்கு ஆசானா ஏற்றது. ஆனால் கான்ட் போன்ற டைம்லைன், வேலைகளுக்கு இடையிலான சார்பு ஆகியவை கட்டண பிளானில்தான் வரும்.

ஜிரா: சாஃப்ட்வேர் டீம்களின் டூல்

ஐடி நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஜிரா பற்றி அறிமுகம் தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் 2002-ல் வெளியிட்டது. 'காட்ஜில்லா'வின் ஜப்பானியப் பெயரான 'கொஜிரா'விலிருந்து வந்த பெயர் இது. முதலில் சாஃப்ட்வேரில் உள்ள பிழைகளைப் பதிவு செய்யத்தான் உருவானது.

செய்ய வேண்டிய வேலைகளின் நீண்ட பட்டியல், அதிலிருந்து இரண்டு வாரத்துக்கு என்று எடுத்துச் செய்யும் ஸ்பிரின்ட், ஒரு பிழை எந்தெந்தக் கட்டங்களைத் தாண்டி 'முடிந்தது' ஆக வேண்டும் என்ற விதிமுறை, எழுதிய கோடுடன் நேரடி இணைப்பு எல்லாம் இதில் உண்டு. 10 பேர் வரை இலவச பிளான் இருக்கிறது.

ஆனால் கோடு எழுதாதவர்களுக்கு ஜிரா அந்நியமாகத் தெரியும். அதை ஒழுங்காக அமைத்து வைக்கவே ஓர் ஆள் தேவைப்படும். போட்டோகிராபரையும் கணக்காளரையும் ஜிராவுக்குள் இழுத்தால், இரண்டாவது வாரமே அவர்கள் போனில் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். 6 பேர் கொண்ட கடைக்கு ஜிரா வாங்குவது, தெருமுனைக்குப் போக லாரி எடுப்பது மாதிரி.

மண்டே, கிளிக்அப், நோஷன்: என்ன வித்தியாசம்?

மண்டே டாட் காம், இஸ்ரேலில் 2012-ல் 'டாபல்ஸ்' என்ற பெயரில் தொடங்கியது. 2017-ல் பெயர் மாறியது. எக்செல் பழகியவர்களுக்கு உடனே பிடிக்கும். வண்ண வண்ண அட்டவணை, நிலையைக் காட்ட பச்சை, மஞ்சள், சிவப்பு. விற்பனை டீம்களுக்கு நல்ல தேர்வு. ஆனால் இருக்கைகளைத் தொகுதியாகத்தான் விற்கிறார்கள். கட்டண பிளான் குறைந்தது 3 பேரில் தொடங்கும்.

கிளிக்அப், எல்லா வேலையும் ஒரே ஆப்பில் என்பதை முன்வைக்கிறது. டாஸ்க், டாக்குமென்ட், சாட், டைம் டிராக்கிங், கான்ட் என்று நிறைய இருக்கிறது. நிறைய இருப்பதுதான் பிரச்னையும். முதல் வாரம் செட்டிங்ஸிலேயே ஓடிவிடும். என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த ஒருவர் டீமில் இருந்தால் லாபம்.

நோஷன், அடிப்படையில் ஒரு நோட்டுப் புத்தகம். குறிப்பு, வழிமுறை, மீட்டிங் பதிவு, டாஸ்க் பட்டியல் எல்லாவற்றையும் இணைத்து எழுதலாம். எழுத்து வேலை அதிகமுள்ள டீம்களுக்கு வசதி. கறாரான டெட்லைன் வேலைக்கு அவ்வளவு பொருத்தமில்லை.

ஜோஹோ புராஜெக்ட்ஸ்: நம்ம ஊர் நிறுவனத்தின் டூல்

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-ல் ஜோஹோ ஆனது இந்த நிறுவனம். சென்னையில் தலைமையகம், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம். இதன் ஜோஹோ புராஜெக்ட்ஸ் 2006 முதல் இருக்கிறது.

கான்ட் சார்ட், வேலைகளுக்கு இடையிலான சார்பு, யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்ற டைம்ஷீட் ஆகியவை இதன் பலம். அந்த டைம்ஷீட்டை ஜோஹோவின் பில்லிங், கணக்கு ஆப்களுடன் இணைத்து கிளையன்ட்டுக்கு பில் போடலாம். மணிக்கணக்கில் வேலை செய்து பணம் வாங்கும் ஏஜென்சிகளுக்கு இது பெரிய வசதி. விலை ரூபாயில். இந்தியாவில் டேட்டா சென்டரும் உண்டு.

தீபாவளிக்கு முன் தளம் கொடுக்க வேண்டிய நம் 8 பேர் டீமுக்கு இது பொருந்தும். ஆனால் வெறும் டிக் அடிக்கும் லிஸ்ட் மட்டும் போதும் என்பவர்களுக்கு இதன் மெனுக்கள் கொஞ்சம் கனமாகத் தெரியலாம்.

ஏற்கெனவே உங்களிடமே இருக்கிறதா?

அலுவலகத்தில் மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துகிறீர்களா? பெரும்பாலான பிசினஸ் பிளான்களில் மைக்ரோசாஃப்ட் பிளானர் ஏற்கெனவே சேர்ந்தே வருகிறது. டீம்ஸ் ஆப்புக்குள்ளேயே திறக்கலாம். புதிதாக வாங்கும் முன் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பேஸ்கேம்ப், 2004 முதல் இருக்கும் டூல். கான்ட் சார்ட் போன்றவற்றை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு பேச்சு, டூ-டு லிஸ்ட், ஃபைல் என்று எளிமையாக வைத்திருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தாலும் ஒரே விலை என்ற பிளானும் இதில் உண்டு. டீம் பெரிதாக இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ரெட்மைன், ஓப்பன் புராஜெக்ட் போன்ற ஓப்பன் சோர்ஸ் டூல்களை உங்கள் சொந்த சர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேருக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஆனால் சர்வர், பேக்கப், பராமரிப்பு உங்கள் பொறுப்பு.

உண்மையான செலவு எவ்வளவு?

'ஒருவருக்கு மாதம் 10 டாலர்' என்று இருந்தால் சின்னத் தொகை மாதிரி தெரியும். 12 பேர் என்றால் மாதம் 120 டாலர். வருஷத்துக்கு 1,440 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலே 1,22,400 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, வெளிநாட்டு கார்டு பரிவர்த்தனைக் கட்டணம்.

இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

* பெரிதாகக் காட்டப்படும் விலை பல நேரங்களில் வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் மட்டும். மாதாமாதம் கட்டினால் கூடுதல்.
* கிளையன்ட்டும் ஃப்ரீலான்சரும் உள்ளே வந்து பார்க்க வேண்டுமென்றால், அவர்களுக்கும் தனிக் கட்டணமா என்று பாருங்கள்.
* இலவச பிளானின் வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கும். இன்று இலவசமாகக் கிடைப்பது அடுத்த வருடமும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வாங்கும் அன்று அதிகாரப்பூர்வ தளத்தில் சரிபாருங்கள்.

டேட்டா உங்களுடையதுதானா?

பலரும் கேட்க மறக்கும் கேள்வி இது.

2022 ஏப்ரல் 5 அன்று அட்லாசியன் நிறுவனத்தில் ஒரு பழைய ஆப்பை நீக்க ஒரு ஸ்கிரிப்ட் இயக்கப்பட்டது. அதற்குக் கொடுக்கப்பட்ட அடையாள எண்கள் தவறு. ஆப்புக்குப் பதிலாக வாடிக்கையாளர்களின் தளங்களே நீங்கின. 775 வாடிக்கையாளர்களால் ஜிரா உள்ளிட்ட சேவைகளைப் பயன்படுத்த முடியவில்லை. சிலருக்கு 14 நாள் வரை ஆனது. டேட்டா திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வாரம், என்ன வேலை யாரிடம் இருக்கிறது என்று தெரியாமல் ஒரு டீம் எப்படி ஓடும்?

இன்னொரு சம்பவம். சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஜிராவின் 'சர்வர்' பதிப்புக்கான ஆதரவை அந்நிறுவனம் 2024 பிப்ரவரி 15-உடன் நிறுத்தியது. பல வருடங்கள் அதையே நம்பியிருந்தவர்கள் கிளவுடுக்கோ, விலை அதிகமான பதிப்புக்கோ மாற வேண்டியதாயிற்று.

அதனால் உள்ளே நுழையும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள். எக்ஸ்போர்ட் பட்டன் இருக்கிறதா? என்ன வடிவில் கிடைக்கும்? உதாரணமாக, ட்ரெல்லோ இலவச பிளானில் ஜேசன் வடிவில்தான் டேட்டா கிடைக்கும். எக்செல்லில் நேரடியாகத் திறக்கும் சிஎஸ்வி வடிவம் பிரீமியம் பிளானில்தான். கார்டில் இணைத்த ஃபைல்களும் அந்த ஜேசனுக்குள் வராது, லிங்க் மட்டுமே இருக்கும். மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் எடுத்து வைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு, வாடிக்கையாளரின் வங்கி விவரம் போன்றவற்றை எந்த டூலின் கார்டிலும் எழுதாதீர்கள். 2018-ல், 'பப்ளிக்' என்று அமைக்கப்பட்டிருந்த ட்ரெல்லோ போர்டுகளில் இருந்த பாஸ்வேர்டுகள் கூகுள் தேடலிலேயே கிடைத்தது அம்பலமானது. டூல் ஹேக் ஆகவில்லை. பயன்படுத்தியவர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

டீம் ஏன் டூலை வெறுக்கிறது?

டூல் தோற்பதற்கு வசதிக் குறைவு மட்டும் காரணமில்லை. மேனேஜர் மட்டும் பார்த்து, தாமதமானவரைத் திட்ட மட்டும் அது பயன்பட்டால், ஊழியர்கள் உண்மையைப் பதிவு செய்ய மாட்டார்கள். வேலை பாதிதான் முடிந்திருக்கும், 'முடிந்தது' பத்திக்கு கார்டை நகர்த்திவிடுவார்கள். பச்சை நிறத்தில் ஜொலிக்கும் போர்டு, உள்ளே நிற்கும் வேலை. அப்படிப்பட்ட போர்டு, போர்டே இல்லாததைவிட ஆபத்து. ஏனென்றால் அதை நம்பி கிளையன்ட்டுக்குத் தேதி சொல்லிவிடுவோம்.

"லேட் ஆகும்" என்று முன்கூட்டியே பதிவு செய்பவருக்குத் திட்டு விழாமல் உதவி கிடைத்தால், அந்த டீமில் சாதாரண டூலும் வேலை செய்யும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

1. நடந்துகொண்டிருக்கும் ஓர் உண்மையான வேலையை எடுங்கள். டெமோ டேட்டாவை வைத்துப் பார்த்தால் எல்லா டூலும் அழகாகத்தான் தெரியும்.
2. இரண்டு டூல்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.
3. டெக்னாலஜி அதிகம் பழகாத ஒருவரிடம் மொபைலைக் கொடுத்து, ஒரு டாஸ்க்கை அப்டேட் செய்யச் சொல்லுங்கள். அவர் திணறினால் அந்த டூல் உங்களுக்கு வேண்டாம்.
4. வேலை ஒதுக்குவது டூலில் மட்டும்தான் என்று விதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் பேசலாம், ஆனால் டூலில் ஏறாதது வேலையே இல்லை. முதலாளி முதலில் இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.
5. எக்ஸ்போர்ட் எடுத்துத் திறந்து பாருங்கள். பிறகு காசு கட்டுங்கள்.

ஒரே பார்வையில்

* சின்ன டீம், எளிய வேலை: ட்ரெல்லோ
* பல துறைகள் சேர்ந்த வேலை: ஆசானா
* சாஃப்ட்வேர் உருவாக்கம்: ஜிரா
* எக்செல் பழகிய விற்பனை டீம்: மண்டே டாட் காம்
* எல்லாம் ஒரே ஆப்பில் வேண்டும், அமைக்க ஆள் இருக்கிறது: கிளிக்அப்
* எழுத்து, குறிப்பு அதிகம்: நோஷன்
* டெட்லைன், டைம்ஷீட், ரூபாயில் பில்: ஜோஹோ புராஜெக்ட்ஸ்
* ஏற்கெனவே மைக்ரோசாஃப்ட் 365: பிளானர்
* பெரிய டீம், எளிய தேவை: பேஸ்கேம்ப்
* டேட்டா சொந்த சர்வரில் இருக்க வேண்டும்: ரெட்மைன், ஓப்பன் புராஜெக்ட்

அப்படியென்றால் எதுதான் பெஸ்ட்? பட்டியலில் அதிக வசதி உள்ளது எது என்று தேட வேண்டாம். உங்கள் டீமில் கடைசி ஆளும் கேட்காமலேயே தினமும் அப்டேட் செய்யும் டூல் எதுவோ, அதுதான் உங்களுக்கு பெஸ்ட். "அந்த ஃபைனல் டிசைன் யாருகிட்ட இருக்கு?" என்ற கேள்வி உங்கள் குரூப்பில் வருவது நின்றுவிட்டால், சரியானதைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.